மெஷின் சொன்னால் சரி

அமெரிக்காவிலிருந்து மகன் டேரில் அனுப்பிய மெஷின் வந்த 2008 கிறிஸ்துமஸிலிருந்து யூஜினின் சட்டை கீழே இறங்கவே இல்லை. வயிற்றில் ஒட்டிய சென்சார், இடுப்பில் சர்க்கரை அளவு காட்டும் சின்னப் பெட்டி. காக்ஸ் டவுனில் பார்க்கிறவருக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். கறிக்கடையிலும் காட்டியாயிற்று. விரலில் குத்தி ரத்தம் பார்க்கும் பழைய மீட்டரை, "இனி எனக்கெதுக்கு?" என்று பக்கத்து வீட்டு ஸ்ரீகண்டனுக்குத் தானம் செய்துவிட்டார். மெஷினோடு வந்த புத்தகத்தின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் படி படி என்று விரட்டியே ரிட்டயரான அவர் மனைவி குளோரியாவுக்கு அதில்தான் எரிச்சல்.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தார். மதியம் பெட்டி கத்தியது. முந்நூற்றுப் பத்து.

"கஞ்சிதானே குடிச்சீங்க? எப்படி ஏறும்?" என்றாள் குளோரியா.

"மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இன்சுலினைக் குத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் பனியன் தொப்பலாக நனைந்தது. கை நடுங்கியது.

"ஏங்க, மூஞ்சி வெளுத்துப்போச்சு. சுகர் எறங்குது."

"மூஞ்சியப் பாத்து சுகர் சொல்ற காலம்லாம் போச்சு, குளோரி. இன்னும் முந்நூறு காட்டுது பாரு." அதைச் சொல்லும்போதே நாக்கு குழறியது. கண் செருகியது.

செருப்புகூடப் போடாமல் ஸ்ரீகண்டன் வீட்டுக்கு ஓடினாள். தானமாகப் போன மீட்டரை வாங்கி வந்து அவர் விரலில் குத்தினாள். நாற்பத்திரண்டு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். ஒவ்வொரு மிடறும் இறங்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கண்ணைத் திறந்தவர் முதலில் இடுப்புப் பெட்டியைத்தான் பார்த்தார். "இருநூத்தித் தொண்ணூறு இருக்கு! சக்கரையக் குடுக்கறியே, பைத்தியமா உனக்கு?"

மறுநாள் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "காய்ச்சல் மாத்திரை போட்டா இந்த சென்சார் ஏத்திக் காட்டும் சார். புக்லயே போட்டிருக்கே, படிக்கலியா?"

யூஜின் ஃபேனைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் மறுபடி சட்டை ஏறியது. "செத்துப் போக வேண்டியவன். இந்த மெஷின்தான் காப்பாத்துச்சு. என் மகன் அனுப்பினது!"

சுற்றி நின்றவர்கள் டேரிலைப் புகழ்ந்து தள்ளினார்கள். குளோரியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இப்போதெல்லாம் கைப்பையில் வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"இத மெஷின்கிட்ட குடுத்து வைங்க," என்றாள். "அடுத்த வாட்டி அதுவே கலக்கி ஊட்டட்டும்."