இடது முன்சக்கரம்

ஆறரை மணி பஸ்ஸைக் கையைக் காட்டிப் போகச் சொன்னவன் ராஜமாணிக்கம்தான். மழையில் நனைந்துகொண்டே, "ஜீப் காடி இருக்கு பாய், நீ போ" என்று கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னான். வீட்டு முன்னால் ஜீப் நிற்கும்போது பெண்டாட்டியைப் பஸ்ஸில் அனுப்பினால் தீவுக்குள் இருக்கும் சிப்பிகாட் கிராமம் என்ன நினைக்கும் என்பது அவன் கவலை. சிப்பிகாட் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருந்தது. நினைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

விசாலாட்சி டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்று பஸ் போவதைப் பார்த்தாள். அடுத்த பஸ் மதியத்துக்கு மேல்தான். அவளுடைய தகப்பனாருக்கு ரொம்ப மோசம், உடனே புறப்படு என்று செவ்வாய்க்கிழமை பரமக்குடியிலிருந்து தந்தி வந்திருந்தது. மெட்ராஸ் கப்பல் சனிக்கிழமையே இருந்தது அவளுடைய அதிர்ஷ்டம். பகல் பன்னிரண்டு மணிக்குள் ஹேடோ துறைக்குப் போய் ஏறிவிட வேண்டும். பன்னிரண்டு அடித்தால் ஏணியை எடுத்துவிடுவார்கள். இதை விட்டால் அடுத்த கப்பலுக்கு இருபத்தைந்து நாள். படுக்கையில் கிடக்கிற மனுஷர் அத்தனை நாள் தாங்குவார் என்று அவள் நம்பவில்லை.

ஜீப் மரக் காண்ட்ராக்டருடையது. அவர் ரங்கத்துக்குப் போயிருந்ததால் மூன்று நாளாக அவருடைய டிரைவரான ராஜமாணிக்கத்தின் வீட்டு முன்னால் சும்மா நின்றது. அவன் ஏறி கியரைப் போட்டான். வண்டி ஒரு எம்பு எம்பி நின்றுவிட்டது. மறுபடி போட்டான். இடது முன்சக்கரம் சேற்றில் கோடு இழுத்ததே தவிர உருளவில்லை. பிரேக் பிடித்தது பிடித்தபடியே இருந்தது.

"பத்து நிமிஷம்" என்றான்.

ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டி எடுப்பதற்குள் எட்டு மணி ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் கட்டையான ஷூவைத் தள்ளும். காலை எடுத்தால் உள்ளே போக வேண்டும். இது வந்த இடத்திலேயே இறுகிவிட்டிருந்தது. கட்டையை வைத்து அழுத்தினான். மண்ணெண்ணெய் விட்டு அடித்தான். ஒரு நூல்கூட நகரவில்லை.

காரணம் அவனுக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இதே சக்கரத்தைப் பிரித்தபோது தீவில் சொட்டுப் பிரேக் ஆயில் கிடையாது, கப்பலில் சரக்கு வரவில்லை. உள்ளே போகும் ரப்பர் வாஷருக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பூட்டிவிட்டான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான். ரப்பருக்கு அந்த எண்ணெய் ஆகாது. அதைக் குடித்துக் குடித்து ரப்பர் ஊதிப்போயிருந்தது. மிச்சத்தை உப்புக் காற்றும் துருவும் பார்த்துக்கொண்டன.

எதிர்க் கடை நாகூர் கனி குடையோடு வந்து குனிந்து பார்த்தார்.

"எண்ணெய் வைத்தியமா? தலைக்குத் தடவுறதை வண்டிக்குத் தடவாதேன்னு அப்பவே சொன்னேன் தம்பி. சரி, இப்ப இதை நோண்டிக்கிட்டு இருக்காதே. ஷூவைக் கழட்டிப் போடு. இந்தச் சக்கரத்துக்கு வர்ற செம்புக் குழாயைத் தட்டி மடக்கிடு. மிச்சம் மூணு சக்கரத்துல பிரேக் இருக்குமில்ல? உருட்டிக்கிட்டுப் போயி, தங்கச்சியை மெட்ராஸ் ஜஹாஸ்ல ஏத்திட்டு வந்து, சாவகாசமா ரிப்பேர் பாரு."

"மழை பாய். இறக்கத்துல வண்டி ஒரு பக்கம் இழுத்துட்டா? பொம்பளைய வச்சுக்கிட்டு எப்படி?"

நியாயமான பேச்சு. நாகூர் கனி குடையோடு கடைக்குத் திரும்பினார். ஆனால் போன வருஷம் காட்டுக்குள் மரம் வெட்டும் கூப்பிலிருந்து, இதைவிடச் செங்குத்தான இறக்கத்தில், மூன்று சக்கரப் பிரேக்கோடு பாட்டுப் பாடிக்கொண்டு வண்டியை இறக்கியவன் இவன்தான். அது நாகூர் கனிக்குத் தெரியாது. விசாலாட்சிக்குத் தெரியும். அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஸ்பானரைத் தேடினான்.

அவன் மனசுக்குள் என்ன இருந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன், அவன் சொல்லமாட்டான். மூன்று வீடு தள்ளி இருக்கும் கோவிந்தராஜின் மனைவி சுசீலா தங்கை கல்யாணத்துக்கென்று மெயின்லேண்ட் போய் நாலு வருஷம் ஆகிறது. 'அட்டைக்கடியும் மழையும் என்னால் முடியாது, நீங்கள் இங்கே வாருங்கள்' என்று கடிதம் மட்டும் வருகிறது. கோவிந்தராஜ் ஒற்றைத் தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுவதை ராஜமாணிக்கம் தினமும் பார்க்கிறான். விசாலாட்சியும் இந்தத் தீவைப் பிடித்து வந்தவள் இல்லை. தந்தி வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மாமனாருக்காக அல்ல.

எட்டரைக்கு விசாலாட்சி கேட்டாள்: "பெட்டி வேணாங்க. மாத்துச் சேலை ஒண்ணை எடுத்துக்கிட்டு நடந்தே போயிரட்டுமா? ஒன்பது மைல்தானே?"

"பைத்தியமா நீ? ஆச்சு, பத்து நிமிஷம்."

பிஸ்டன் கைக்கு மசியாது என்று தெரிந்ததும், பிரேக்கை மிதித்தே அதை வெளியே துப்பவைக்க முடிவு செய்தான். அதே சிலிண்டரின் மறுமுனையில் இருந்த பிஸ்டனைக் கம்பியால் இறுகக் கட்டினான். பெடலை மிதிக்க ஆள் வேண்டும். ஊருக்கென்று உடுத்திய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விசாலாட்சி ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி... விடு... மிதி..."

அவள் மிதித்தாள். கப்பலுக்கு ஓட வேண்டிய கால் பெடலை மிதித்தது. தொடை நடுங்க நடுங்க மிதித்தாள். ஐம்பதோ அறுபதோ தடவைக்குப் பிறகு, சட்டென்று பெடல் தரைவரை இறங்கியது. பிஸ்டன் ஆயிலைக் கக்கிக்கொண்டு சேற்றில் விழுந்தது. "வந்துருச்சு!" என்று அவன் கத்தினான். அவளும் சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். அப்போது மணி ஒன்பதே முக்கால்.

அப்போதுகூட நேரம் இருந்தது. மளமளவென்று பூட்டியிருந்தால் போதும். அவனோ சிலிண்டரின் உட்சுவரை எமரித் தாள் சுற்றித் தேய்த்தான். துடைத்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், மறுபடி தேய்த்தான். பழைய டப்பாவிலிருந்த தேய்ந்த வாஷர்களில் நல்லதாக இரண்டைப் பொறுக்க அரைமணி எடுத்தான். இத்தனை சுத்தமாக அவன் எந்த வேலையும் செய்ததில்லை. கை வேண்டுமென்றே தாமதிக்கவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் அவசரப்படு என்று மனம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பிறகு போன கப்பலில் வந்த அரைப்புட்டிப் பிரேக் ஆயிலை ஊற்றி, குழாயிலிருந்து காற்றை எடுத்தான். அதற்கும் அவள்தான் மிதித்தாள். "இன்னும் எத்தனை தடவைங்க?" என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சக்கரத்தைப் பூட்டி ஜாக்கியை இறக்கியபோது பதினொன்றே முக்கால்.

வண்டி பிரமாதமாக ஓடியது. பிரேக் தொட்டால் நின்றது. ஒன்பது மைல் மலைப்பாதையிலும் அவன் ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பிடித்திருந்தான், இப்போது நிஜமாகவே அவசரம் வந்துவிட்டது. ஹேடோ போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு இருபது.

கப்பல் போகவில்லை. அதுதான் கொடுமை. ஏணியை மட்டும் எடுத்துவிட்டு அசையாமல் நின்றது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மேல்தட்டில் ஒருவன் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தான். ராஜமாணிக்கம் டிக்கட்டையும் தந்தியையும் காட்டி, கேட்டில் நின்ற ஆளிடம் இந்தியிலும் தமிழிலும் மன்றாடினான். "டைம் ஹோ கயா, நேரம் முடிஞ்சிருச்சு" என்றார் அவர்.

விசாலாட்சி பெட்டிமேல் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  நாற்பது நிமிஷம் கழித்து, கப்பலின் கயிறுகளை அவிழ்த்துப் போட்டபோது சொன்னாள்.

"கூப்புல இருந்து மூணு சக்கரத்துல வந்தீங்களே. பாட்டுப் பாடிக்கிட்டு வந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். துணியிலும் கிரீஸ்தான் இருந்தது.

"போனா திரும்பி வரமாட்டேன்னு பயந்தீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். மழையைச் சொல்லலாம், இறக்கத்தைச் சொல்லலாம்.  ஆமாம் என்று தலையை ஆட்டினான். அன்றைக்கு அவன் செய்த நேர்மையான காரியம் அது ஒன்றுதான், அதையும் நேரம் தப்பித்தான் செய்தான்.

கப்பல் நகர்ந்தது. கரைக்கும் அதற்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. அவள் அழவில்லை.

"வந்திருப்பேன்" என்றாள். "எங்க அய்யா முகத்தைப் பாத்துட்டு அடுத்த கப்பல்லயே வந்திருப்பேன். இனிமே போனா வரமாட்டேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தானே தூக்கிப் போய், முன் இருக்கையை விட்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.