இருக்கக் கூடாத பட்டை

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. ஸ்ஃபாக்ஸ் நகரில் எங்கள் ஆய்வகத்தில் திங்களன்று எடுத்த படம். வெளிறிய தாளில் இரண்டு கருப்புப் பட்டைகள். ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும்.

தொடக்கம்: 'இரண்டாவது பட்டையைக் கண்டதும் இஷ்ராக் கதறி—'

இல்லை. அவள் அழவில்லை. படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். (நடந்ததை மட்டும் எழுது என்று மாலைநேரக் கதை வகுப்பில் சொல்கிறார்கள்.)

2

இஷ்ராக் ஆய்வு மாணவி. பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவுக்குள் ரோட்டா வைரஸின் மரபணு ஒன்றைப் புகுத்தியிருந்தாள். அது வைரஸின் புரதத்தைச் செய்தால், என்றாவது குழந்தைகள் தடுப்பு மருந்தை லெபன் மோரிலேயே குடிக்கலாம். நிசின் என்ற பொருளைச் சேர்த்தால்தான் பாக்டீரியா வேலையைத் தொடங்கும். ஒரு குடுவையில் சேர்த்தாள், மற்றதில் சேர்க்கவில்லை. படத்தில் இரண்டுக்கும் புரதப் பட்டை விழுந்திருந்தது.

"என் மரபணுதான் ஒழுகுது, நிசின் இல்லாமலே வேலை செய்யுது. நாலு வருஷம் போச்சு," என்றாள்.

வியாழன் காலை ஒன்பதுக்கு எல்லோர் முன்னாலும் அவளுக்கு ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு.

"படத்துல அந்தப் பட்டை இருக்கற ஓரத்த வெட்டிடேன். யாரு கேக்கப் போறா?" என்றான் உதவியாளன் லஸ்அத்.

"அழுகின பக்கத்த வெட்டிப்போட இது என்ன தக்காளியா?"

3

பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டப்பொடி ஆறு வாரமாகத் துறைமுகச் சுங்கத்தில் கிடந்தது. கடையில் விற்கும் பாலாடைக்கட்டி வடித்த நீரில் வளர்க்கலாமே என்று ஒருவர் யோசனை சொல்லி, வாங்கியும் வந்தார். இந்தக் கதையின் முதல் வரைவில் அவரே இல்லை. இரண்டாவதில் 'யாரோ'. மூன்றாவதில் லஸ்அத்.

லஸ்அத் நான்தான்.

நேற்று காலிப் புட்டியை எறியப் போனபோது பின்பக்கத்தைப் படித்தேன். கெடாமலிருக்கச் சேர்த்தது: நிசின். அவள் சேர்க்காத குடுவையில் நான் சேர்த்திருக்கிறேன். அவள் மரபணு ஒழுகவில்லை.

4

முடிவு அ: சொல்கிறேன். எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். லியோன் நகரில் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலை ஜூனுக்குள் பட்டம் கேட்கிறது; அது போய்விடும்.

முடிவு ஆ: சொல்லவில்லை. பொய்ப் படத்தோடு அவளுக்குப் பட்டம் கிடைக்கிறது. யாருக்கும் ஒரு கெடுதலும்—

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன்.)

இன்று காலை அவளே வந்தாள்.

"நீ சொன்ன மாதிரியே வெட்டிட்டேன். பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"ம்."

"என்னப்பா இப்படி முழிக்கிற? நாளைக்குப் பரீட்சை எனக்கா, உனக்கா?"

சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

5

இன்று புதன். வகுப்பில் வாசிக்கத்தான் இதை எழுதினேன். போகப்போவதில்லை. இந்தத் தாள்களை உன் அறைக் கதவுக்கடியில் தள்ளிவிடுகிறேன், இஷ்ராக். ஒரு வாசகி போதும்.

காரணம் இப்போது உனக்குத் தெரியும். வெட்டாத படமும் உன்னிடம் இருக்கிறது. நாளை ஒரு பட்டையைக் காட்டுவாயோ, இரண்டையுமோ, தேர்வையே தள்ளிப்போடுவாயோ, அதை நான் எழுத மாட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீ திரும்பிப் பார்த்தால் எழுந்து நின்று, இரண்டாவது பட்டை என்னுடையது என்று சொல்வேன்.

பார்ப்பாயா என்பது நீ எழுத வேண்டிய வரி.