ஒரு பெட்டிக் கல்லும் இரண்டு மீசைகளும்

பளுவை ஏற்றி இறக்கும் விஞ்ச் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த விஞ்ச்காரியின் கணவன் சலூன் வைத்திருந்தான். ஊரார் மீசையைக் கத்தரிப்பது தொழில், தன் மீசையைத் தடவிக்கொள்வது பொழுதுபோக்கு. அந்த மீசையைத்தான் வாய் சும்மா இராமல் பந்தயத்தில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

"இன்னைக்குக் கடை சாத்தறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா மீசையை எடுத்துடறேன்னு சொல்லிட்டேன்" என்றான், அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது.

"யார்கிட்ட?"

"உங்க அண்ணன்கிட்டதான். கல்லை இறக்கினா கரண்ட் வருமான்னு கடை நிறைய ஆள் இருக்கும்போது கேக்கறாரு. பொண்டாட்டி வேலையைக் கிண்டல் பண்ணினா நான் சும்மா இருப்பேனா?"

"போகலேன்னா?"

"அவர் மீசை போகும்."

அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தன்னை நம்பி ஒரு மனிதன் மீசையையே வைத்திருக்கிறான் என்று நினைத்தால் மனசு குளிர்ந்தும் போனது. அதை அவனிடம் சொல்வாளா? டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ஊரில் பொழுது சாய்ந்தால் வெயிலும் போய்விடும், மலைமேல் இருக்கும் காற்றாலைகளும் ராத்திரிக் காற்று எழும்வரை சோம்பல் முறித்துக்கொண்டு நின்றுவிடும். எல்லோரும் விளக்கைப் போடுகிற நேரம் பார்த்துக் கரண்ட் கம்பி நீட்டிவிடும். அதற்குத்தான் ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த சுரங்கக் குழியில் ஒரு வழி செய்திருந்தார்கள். வீட்டளவு இரும்புப் பெட்டி, உள்ளே கருங்கல். பகலில் வெயில் தரும் மின்சாரம் மிஞ்சும்போது மோட்டார் அதை மேலே இழுத்து நிறுத்தும். சாயங்காலம் பெட்டி தன் கனத்தாலேயே இறங்கும். அதே மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்று ஊருக்கு மின்சாரம் அனுப்பும். ஊர் அதிகம் கேட்டால் வேகமாக இறக்க வேண்டும், குறைவாகக் கேட்டால் மெதுவாக. இறக்குகிற விஞ்ச்சின் கைப்பிடி அவள் பொறுப்பில் இருந்தது. இன்றுதான் முதல் நாள்.

பொழுது சாய்ந்ததும் இறக்க ஆரம்பித்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஊர் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் முள் திடீரென்று ஏறியது. சலூனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அங்க யாரு என்னத்தைப் போட்டாங்க?"

"வேற யாரு? தன்னோட லைட்டுக் கடையில வாடகைக்கு விட வச்சிருக்கற சீரியல் பல்பு, ஃபோகஸ் லைட்டு, ஒண்ணு விடாமத் தெரு முழுக்கக் கட்டிப் போட்டுட்டாரு உங்க அண்ணன். தெருவே ஜெகஜோதியா இருக்கு."

கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது! இந்த வேகத்தில் போனால் மலைக்காற்று வீசுவதற்குள் பெட்டி அடியைத் தொட்டுவிடும். மீசையாவது திரும்ப முளைக்கும். முதல் நாளே ஊர் இருண்டால், கல்லாவது கரண்டாவது என்ற பேச்சு இந்த ஜென்மத்தில் ஓயாது.

"ஜெகஜோதியாவா இருக்கு?" என்றாள் சட்டென்று. "அப்ப எல்லாரையும் வீட்டு லைட்டு, ஃபேன், டிவி எல்லாத்தையும் அணைச்சிட்டுத் தெருவுக்கு வரச் சொல்லுங்க. அண்ணன் வெளிச்சத்துலயே உக்காரட்டும்."

அவன் போனை வைக்காமலேயே ஓடினான். அவனுடைய குரல் வீடு வீடாகப் போவது அவளுக்குக் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பிள்ளைகளின் கும்மாளம். முள் மெல்ல இறங்கியது. அவளும் பெட்டி இறங்கும் வேகத்தைக் குறைத்தாள்.

"அட, அணைச்சிடறேன்யா!" என்று அண்ணனின் குரல் கேட்டது. அணைக்கக் கூடாது என்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் போனே அதிர்ந்தது. விளக்கு அணையவில்லை.

பெட்டிக்கும் அடிக்கும் நடுவே ஆள் உயரம்தான் மிச்சம் இருந்தபோது, மின்வாரியக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது. "மலையில காத்து வந்துடுச்சும்மா. நீங்க நிறுத்திக்கலாம்."

நிறுத்தினாள். விஞ்ச் அறையில் வேறு யாரும் இல்லாத தைரியத்தில் ஒரு குத்தாட்டம் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை மிதித்து ஊருக்கு வந்தாள்.

சலூன் நாற்காலி நடுத்தெருவில் சீரியல் பல்புகளின் கீழே கிடந்தது. அதில் அண்ணன், மூக்குக்குக் கீழே சோப்பு நுரையோடு. தந்திரக்காரன்தான், ஆனால் ரோஷக்காரன். ஊரே சுற்றி நின்றது. கணவன் ஒரு கையால் தன் மீசையைத் தடவிக்கொண்டே மறு கையால் சவரக்கத்தியை அவளிடம் நீட்டினான்.

"ஜெயிச்சது நீ. நீயே எடு."

அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். "ஏய், பாத்து! மெதுவா, மெதுவா!"

"பயப்படாதேண்ணா" என்றாள் அவள். "மெதுவா இறக்கறதுதான் என் வேலையே."