பதினேழு பெட்டிகளும் ஒரு வீட்டுக் கடனும்

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனபோது உள்ளே ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சேமிப்பு ஆலோசகராக இருந்ததுதான் வினை. கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டிய லிஃப்ட் மெக்கானிக்கிடம் அவர் முதலில் கேட்டது இதுதான்:

"உங்களுக்குச் சொந்த வீடா, வாடகை வீடா?"

"சொந்த வீடுதான் சார். கடன் ஓடிக்கிட்டு இருக்கு."

"எத்தனை வருஷம் பாக்கி?"

"பதினாலு."

உள்ளேயிருந்து ஒரு 'ச்சு' கேட்டது. மாட்டிக்கொண்டவர், வெளியே நின்றவருக்காகப் பரிதாபப்பட்டார்.

மேலே மோட்டார் அறைக்கும் கீழே கதவுக்குமாக மெக்கானிக் நாற்பது நிமிடம் ஏறி இறங்கினார். இறங்கி வரும் ஒவ்வொரு முறையும் ஆலோசகர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "ஒரு வருஷமா கை படாத சாமான் ஒண்ணு வீட்ல இருந்தா, அது நிக்கிற இடத்துக்கும் சேத்துத்தான் நீங்க வட்டி கட்டுறீங்க. வித்துத் தள்ளுங்க. அந்தப் பணத்தைக் கடன்ல போடுங்க. நான் அப்படித்தான் ஆறு வருஷம் முன்னாடியே என் கடனை முடிச்சேன்."

வெளியே வந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போனார்.

மெக்கானிக்கின் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் காசாளர். பல்லின் விலையைச் சொல்லிவிட்டு எதிரே இருப்பவரின் முகம் போகிற போக்கைப் பார்ப்பதுதான் அவளுக்கு நாள் முழுக்க வேலை. எதற்கும் லேசில் அசருகிறவள் இல்லை. கணவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படிப் பாத்தா முதல்ல போக வேண்டியது உங்க டம்பெல்ஸ்தான்" என்றாள்.

"அதையும் சேத்துத்தான் சொல்றேன்."

சனிக்கிழமை காலை அவர் ஒரு கட்டு சிவப்பு ஸ்டிக்கரோடு வீட்டுக்குள் இறங்கினார். ஓராண்டாகத் தொடாதவற்றில் எல்லாம் ஒன்று ஒட்டினார். மதியத்துக்குள் ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. இன்னொரு கட்டு வாங்கப் போனவர், விற்பதற்குத் தேவையானதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார். படம் எடுக்கப் போனை நிறுத்தும் தாங்கி, வட்ட விளக்கு, பொருளைச் சுற்றிக் கட்டித் தரக் காற்றுக் குமிழ்த் தாள் இரண்டு சுருள், பொருள்களைக் குறைப்பது பற்றித் தலையணை கனத்தில் ஒரு புத்தகம், அதனுடன் இலவசமாக இன்னொன்று. மறுநாள் அந்தப் புத்தகங்கள் இரண்டிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"வாங்கி ஒரு நாள்தானே ஆகுது" என்றார் அவர்.

"உங்களைத் தெரியாதா எனக்கு? ஒரு வருஷம் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்?"

அடுத்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் வீடு சந்தையாயிற்று. கால் பிடித்துவிடும் இயந்திரம் போனது. மூன்று முறை ஓடிய பழச்சாறு இயந்திரம் போனது. சூட்கேஸ் வாங்க வந்த ஒருவர் ஒரு மணி நேரம் பேரம் பேசிவிட்டு, கடைசியில் தான் தண்ணீர் குடித்த டம்ளருக்கு விலை கேட்டார். டிரெட்மில்லைப் பார்க்க வந்த பெண்மணி அதைச் சுற்றி வந்து கைப்பிடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். மெக்கானிக் உற்சாகமாக அதன் வேகங்களை விளக்க ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேணாங்க. ரெண்டு பெட்ஷீட்டு, நாலு பேன்ட், பத்துச் சட்டை ஈரத்தோட போட்டா தாங்குமா?"

"எங்க வீட்ல அவ்வளவும் தாங்குச்சு" என்றாள் மனைவி. அத்தோடு வியாபாரம் முடிந்தது.

ஆறு வாரத்தில் சேர்ந்தது ஒன்றரை மாதத் தவணைக்குச் சமமான பணம். மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் மனைவியோடு வங்கிக்குப் போனார். கடன் பிரிவு அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார்.

"முன்கூட்டியே கட்டுறீங்களா, ரொம்ப சந்தோஷம். ஆனா மூணு தவணைக்குக் குறையாம இருக்கணும்."

"எங்ககிட்ட ஒண்ணரைதான் இருக்கு."

"அப்போ சேத்துக்கிட்டு வாங்க."

மனைவி கேட்டாள்: "கட்ட வேண்டியதுக்கு மேல தர்றோம்னு வந்தாலும் வாங்க மாட்டீங்களா?"

"மேல தந்தா வாங்குவோம்மா. மேல தர்றதைக் கம்மியா தந்தாத்தான் வாங்க மாட்டோம்."

வீடு திரும்பிய மெக்கானிக் அறை அறையாக நடந்தார். விற்கத்தக்கது எல்லாம் விற்றாயிற்று. பின்னறைக் கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

பின்னறையில் பதினேழு பெட்டிகள் கூரையை முட்ட நின்றன. அவை அவருடைய அண்ணனுடையவை. பத்து வருடத்துக்கு முன் அண்ணன் பரிசுக் கோப்பைக் கடை திறந்தார். எட்டே மாதத்தில் மூடிவிட்டார். யாரும் ஜெயிக்காத, பெயர் பொறிக்காத கோப்பைகளும் கேடயங்களும் இருநூற்று முப்பது மிச்சம். "ரெண்டு வாரம் இருக்கட்டும்டா" என்று இங்கே இறக்கிவிட்டுப் போனவர், அதன்பின் இந்த வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தால், "வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்பார். கூப்பிட மாட்டார். மெக்கானிக் வேலையிடத்தில் விழுந்து மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தபோதுகூட அண்ணன் வரவில்லை. மெக்கானிக் அதை மறந்துவிட்டார். மனைவி மறக்கவில்லை.

"கேக்காம விக்கக் கூடாது" என்றாள் அவளே.

'அண்ணா, பெட்டிகளை எடுத்துக்கிறியா?' என்று மெக்கானிக் செய்தி அனுப்பினார். படித்துவிட்டதற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. பத்து நாள் பார்த்தார்.

"பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம்."

"எப்பவும் போல இருக்காருன்னு அர்த்தம்" என்றாள் அவள். ஆனாலும் வட்ட விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படம் போட்ட மறுநாளே ஆள் வந்தார். தொலைபேசியில் புகார் கேட்கும் நிறுவனம் ஒன்றின் மேலாளர். பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்" என்றார்.

"அவ்வளவு போட்டி நடத்துறீங்களா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இந்த வருஷம் சம்பள உயர்வு இல்ல. அதனால ஆளுக்கொரு கோப்பை. 'சிறந்த ஊழியர்'னு எழுதிக் குடுத்துடுவோம்."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க மனசு கஷ்டப்படும் இல்லையா?" என்ற மேலாளர், ரொம்ப நாளாகச் சம்பள உயர்வு கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு என்று உயரமான கோப்பைகளைத் தனியாக எடுத்து வைத்தார்.

அந்தப் பணம் ஒன்றேமுக்கால் தவணை. பழையதோடு சேர்த்து மூன்றேகால். மெக்கானிக் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்தார். திங்கட்கிழமை வங்கிக்குப் போவதாக முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்தார்.

தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் ஒரு சுருள் கயிறு. "கீழ வண்டி நிக்குது. அரை நாளுக்குப் பேசியிருக்கேன். பெட்டியெல்லாம் எடுத்துடலாம் வா."

மெக்கானிக் அந்தக் கயிற்றையே பார்த்தார். "பதிலே போடலையேண்ணா."

"எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு உங்க அண்ணியோட பத்து நாளா சண்டை. நேத்துத்தான் கட்டிலுக்கு அடியில இடம் குடுத்தா." பேசிக்கொண்டே அண்ணன் பின்னறைக்குள் போய்விட்டார்.

அறை வெறுமையாக இருந்தது. பெட்டிகள் நின்ற இடங்கள் மட்டும் தரையில் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தன.

"எங்கடா?"

"வித்துட்டேண்ணா."

"எல்லாமா?"

"எல்லாமே."

அண்ணன் சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். ஒன்பது வருடமாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் எதை முதலில் எடுப்பது என்று அவள் யோசிப்பதற்குள் அண்ணன் தலையைத் தூக்கினார்.

"அப்போ இனிமே நான் இங்க வரலாமாம்மா?"

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். "எத்தனையோ தடவை தெருமுனை வரைக்கும் வந்திருக்கேன். மேல வந்தா பெட்டியை எப்ப எடுக்கப் போறேன்னு கேப்பீங்க. கொண்டுபோக எனக்கு இடமில்ல. அதைக் கண்ணால பாக்கவும் தெம்பில்ல. திரும்பிப் போயிடுவேன்."

"இவரு ஆஸ்பத்திரியில கிடந்தப்பவுமா?" என்றாள் அவள்.

"அப்ப வந்தேம்மா. ஜன்னலோரக் கட்டில். நீ அவனுக்கு ஷேவிங் பண்ணிவிட்டுட்டு இருந்தே. தாடையில கீறி ரத்தம் வந்து, நீ அழுதே. வெராந்தாவுல நின்னு பாத்துட்டுப் போயிட்டேன்."

அவள் அழுததை அவள் கணவரே பார்க்கவில்லை. அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"நாங்க ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டோமேண்ணா" என்றார் மெக்கானிக்.

"நான் கேட்டிருப்பேன்" என்றாள் மனைவி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. "இருந்தாலும் நீங்க வந்திருக்கணும் மாமா."

மெக்கானிக் உறையை எடுத்து வந்து நீட்டினார். அண்ணன் இரண்டு கையாலும் தள்ளினார். "எனக்கு ஒண்ணும் வேணாம்டா. இடத்தை அடைச்சதுக்கு நான்தான் உனக்குத் தரணும்." அந்த நேரம் பார்த்து அண்ணியிடமிருந்து போன் வந்தது. நடந்ததை அண்ணன் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டார். "சரி... சரி... கேக்குறேன்" என்று வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "பாதி குடுத்தா போதுமாம்."

கோப்பைப் பணத்தில் பாதியை எண்ணிக் கொடுத்த பிறகு மூன்று தவணைக்கு அரைத் தவணைக்கு மேல் குறைந்தது. மெக்கானிக்கின் முகம் பல் விலை கேட்டவர் முகம் போல ஆனதை மனைவி பார்த்தாள்.

"மாமா, வண்டி அரை நாளுக்குத்தானே பேசியிருக்கீங்க?" என்றாள். "தையல் கடைக்கார அம்மா நம்ம பெரிய மர அலமாரியைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. கடையில கொண்டுவந்து இறக்குனா வாங்கிக்கிறாங்களாம்."

"அது தினமும் திறக்குற அலமாரி" என்றார் கணவர்.

"திறந்து பாருங்க. உள்ள வைக்க இப்போ என்ன இருக்கு?"

ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓட வைப்பவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி. அண்ணன் கீழ்ப்பக்கமும் தம்பி மேல்பக்கமுமாக அலமாரியைத் தூக்கினார்கள். முதல் திருப்பத்திலேயே சண்டை வந்தது. "சாய்டா" என்றார் அண்ணன். "சாய்ச்சா கதவு திறக்கும்" என்றார் தம்பி. இரண்டாவது திருப்பத்தில் அலமாரி சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இறுகியது. அதன் பின்னால் அண்ணன் மூலையில் அகப்பட்டுக்கொண்டார்.

"நகர முடியலடா."

"பதற்றப்படாதீங்க. கொஞ்ச நேரத்துல வெளிய எடுத்துடுவோம்" என்று தம்பியின் வாயில் தொழில் குரல் தானாக வந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்த சிரிப்பில் பிடி நழுவி, அலமாரி தானாகவே இடம் பெயர்ந்து வழிவிட்டது. மேலே கைப்பிடியைப் பிடித்தபடி நின்ற மனைவியும் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டாள்.

அலமாரிப் பணமும் சேர, திங்கட்கிழமை மூன்று தவணையும் கட்டியாயிற்று. அதிகாரி புதிய கணக்குத் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். பதினான்கு வருடம் பதின்மூன்றரை வருடமாகியிருந்தது. மெக்கானிக் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"உங்களை மாதிரி ஒழுங்கா கட்டுறவங்களுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு" என்றார் அதிகாரி. "வீட்டுக்குத் தேவையான சாமான் வாங்க உடனடிக் கடன். ஒரு கையெழுத்துப் போதும்."

"அந்தக் கடனைச் சீக்கிரம் அடைக்கணும்னா எதை விக்கணும்?" என்று மனைவி கேட்டாள்.

அதிகாரி அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு விதிமுறைகளைப் புரட்ட ஆரம்பித்தார். அவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஒரு வருஷமாவது குறையும்னு நெனச்சேன்" என்றார் மெக்கானிக் வழியில்.

"அரை வருஷம்னா ஆறு தவணை. நாம கீழ விழுந்து கிடந்தாலும் அதை யாரும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க" என்றாள் அவள். பிறகு, "உங்க அண்ணியும் மாமாவும் ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றாங்களாம். காலையில போன் வந்துச்சு" என்றாள்.

விற்றது போக வீட்டில் இரண்டே தட்டுகள்தான் இருந்தன. அவள் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்தாள். ஒவ்வொரு தட்டாக எடுத்து, கையில் கனம் பார்த்து, விளிம்பைத் தடவி, நிதானமாகத் தேர்ந்தெடுத்தாள். பேரம் பேசவில்லை. மெக்கானிக் கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவள் நீட்டிய இரண்டு தட்டுகளையும் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.