ஒன்றரைக்கு மேல் திருகாத மார்ஷல்

ஜெயராம் வீட்டில் ஆம்ப்ளிஃபையருக்குத் தனி அறை. எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்தே ஒரு அறைதான். இதைப் பொறாமையில் சொல்லவில்லை. சரி, பொறாமையிலும்தான் சொல்கிறேன்.

கோபாலபுரத்தில் பழைய பங்களா அவர்களுடையது. மாடியில் கடைசி அறையில் அந்த மார்ஷல் கம்பெனி கிடார் ஆம்ப் உட்கார்ந்திருக்கும். கீழே நாலு ஸ்பீக்கர் வைத்த பெட்டி, அதன் தலைமேல் ஆம்ப். நூறு வாட். லண்டனில் இருந்த மாமா ஊர் திரும்பியபோது கப்பலில் அனுப்பியது. ஜெயராமின் அம்மா சீதா மாமி பழைய பட்டுப்புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் உண்டு. போன வருடத்துப் பொட்டு ‘மார்ஷல்’ என்ற வெள்ளை எழுத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் ஆம்ப் என் போனுக்குள் இருக்கிறது. ஒரு ஆப். அதில் நாற்பது ஆம்ப்களின் படம். கிடாரைப் போனில் சொருகி ஒரு படத்தைத் தொட்டால், அந்த ஆம்பின் சத்தம் இயர்போனில் வரும். கம்பெனிப் பெயரை நேராகப் போட்டால் வம்பு வரும் என்றோ என்னவோ, ‘பிரிட்டிஷ் நூறு’, ‘அமெரிக்கன் டபுள்’ என்று எல்லாவற்றுக்கும் சுற்றி வளைத்துப் பெயர். ஜெயராம் பட்டு உறையைத் தூக்கிக் காட்டிய முதல் நாள், “அட, பிரிட்டிஷ் நூறு” என்றேன். சாமி படத்தைப் பார்த்துக் காலண்டர் நன்றாயிருக்கிறதே என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

எங்கள் குழுவில் அவனும் நானும் கிடார். ஸ்நேஹா டிரம்ஸ். அடையாறில் ஒரு ஓட்டல் மொட்டைமாடியில், மாதக் கடைசி சனிக்கிழமை நாற்பது நிமிஷம் வாசிக்க இடம் கிடைத்திருந்தது. எங்கள் முதல் மேடை. லீட் வாசிப்பது யார் என்பதுதான் பேச்சு. லீட் என்றால் முன்னால் நிற்பது. ரிதம் என்றால் பின்னால் நின்று முட்டுக் கொடுப்பது. கல்லூரியில் புராஜெக்ட் முழுக்க நான் செய்தேன். முன்னால் நின்று விளக்கியவன் வேறொருவன். அவனுக்கு இங்கிலீஷ் நன்றாக வருமாம். என் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது, அதிலும் பின்வரிசை. போதும் என்று இருந்தது.

“லீட் ஆம்ப்லதான் வாசிக்கணும். ஒன் ஆப்பை சவுண்ட் மிக்சர்ல சொருகி ரிதம் வாசி. ஹெட்போன்ல கேக்கறதெல்லாம் டோன் இல்ல ப்ரியா. ஆம்ப்னா காத்தைத் தள்ளணும்” என்றான் ஜெயராம்.

“எங்க வீட்டு டேபிள் ஃபேன்கூடத் தள்ளுது.”

“நீ மார்ஷலைக் கேட்டதே இல்ல, அதான் பேசறே.”

“நீ கேட்டிருக்கியா?”

அவன் சுவரைக் கைகாட்டினான். பக்கத்து அறையில் சீதா மாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீணை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையில் அமெரிக்காக் குழந்தைகள், சாயங்காலம் சிங்கப்பூர்க் குழந்தைகள், நடுவில் மாமி தூங்குவார். உலகம் எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த மாடியில் வால்யூமைத் திருப்ப நேரமில்லை. பத்து வரை எண் போட்ட திருகு, ஆறு வருடமாக ஒன்றரையில் நிற்கிறது.

ஸ்நேஹா டிரம் குச்சியால் முதுகு சொறிந்துகொண்டே, “மச்சி, அவ கேக்கறது நியாயம்தான். நாம யாருமே அதைக் கேட்டதில்ல” என்றாள்.

“எங்க போய் முழுசாத் திறக்கறது? இந்த ஊர்ல அவ்ளோ சத்தத்தை யார் விடுவா?” என்றான் ஜெயராம்.

“எங்க ஏரியால விடுவாங்க. ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்தறாங்க. ரேடியோ செட் எங்க சித்தப்பாதான். ஆளுக்கு அஞ்சு நிமிஷம் வாசிப்போம். ஸ்நேஹா சொல்லட்டும் யார் லீட்னு” என்றேன் நான்.

ஜெயராம் மார்ஷலைப் பார்த்தான். பெண்ணை முதல்முறை ஹாஸ்டலுக்கு அனுப்பும் அப்பாவின் முகம். “சரி” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை குட்டி யானை வண்டியில், வண்டிக்காரரையும் சேர்த்து நாலு பேராக ஏற்றினோம். சீதா மாமி வாசல்வரை வந்து, “மழை வந்தா நனைஞ்சுடும்டா, குடை எடுத்துண்டு போ” என்று ஒரு குடையைக் கொடுத்தார். எங்களுக்கு இல்லை, ஆம்புக்கு. ஜெயராம் சாந்தோம் வரை பின்னாலேயே உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான்.

எங்கள் ஹவுசிங் போர்டு, சாந்தோமில் கடலை ஒட்டியிருக்கிறது. அம்மன் கோயில் வாசலில் வேப்பிலைத் தோரணம், கூழ் அண்டா, சொம்பும் தூக்குமாக வரிசை. இரண்டு பக்கமும் சித்தப்பாவின் பெட்டிகள் மாடி உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்டில், தீ எரிகிற எழுத்தில், ‘பொன்ராஜ் சவுண்ட்ஸ்’. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அவை நிற்கவில்லை. ஜெயராம் வண்டியிலிருந்து இறங்கியதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

“என்னவோ பண்றது” என்று என் காதில் கத்தினான்.

“காத்து தள்ளுது” என்று நானும் கத்தினேன்.

சித்தப்பா வந்து மார்ஷலைச் சுற்றிப் பார்த்தார். உறையைத் தொட்டுப் பார்த்தார். “இன்னா பாப்பா இது, பொட்டிக்குப் பட்டுப் பொடவ கட்டிக்கினு கீறீங்க? சீமந்தமா?”

ஜெயராம் அவசரமாக உறையை உருவினான்.

“கீறதே ரெண்டு உருப்படிதானா? சப்பு எங்க?”

“சப்வூஃபர்லாம் கிடையாது சார். இது கிடார் ஆம்ப்.”

“இன்னாவோ. பத்து நிமிசம்தான். பம்ப மேளக்காரங்க வந்துட்டாங்கன்னா நான் பொறுப்பில்ல.”

கூழ் வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். எதிர் பிளாக் சிம்ராவும் ரூஹியும், ஏழாம் வகுப்பு. சிம்ரா எழுத்துக்கூட்டிப் படித்தாள். “மார்-ஷல். எந்த ஏரியா சவுண்டு சர்வீஸ்ணா?”

“இங்கிலாந்து” என்றான் ஜெயராம்.

“அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டு பேர இத்தினூண்டா எழுதிக்கினு கீறாங்க?” என்றாள் ரூஹி.

ஸ்நேஹா திரும்பி நின்று சிரித்தாள். ஜெயராமுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எந்த வருடம், எந்த மாடல், யார் யார் வாசித்தது. ஏழாம் வகுப்பு காத்திருக்கவில்லை, கூழுக்கு ஓடிவிட்டது.

சித்தப்பா தன் செட்டை அணைத்தார். திடீரென்று கடல் கேட்டது. ஜெயராம் கிடாரைச் சொருகி, திருகைத் தொட்டான். இரண்டு. நாலு. என்னைப் பார்த்தான். நான் கையால் ‘போ, போ’ என்றேன். ஏழு.

முதல் கம்பியைத் தட்டியதும் அவனே இரண்டடி பின்னால் போனான். ஆறு வருடமாக அம்மாவின் கிளாஸுக்குத் தொந்தரவில்லாமல் பூப்போலத் தொட்டு வாசித்த விரல்கள்; அது அத்தனையும் இப்போது ஊருக்கே கேட்டது. மொட்டைமாடிப் புறாக்கள் கிளம்பிவிட்டன. அவன் தன் சோலோவில் பாதிதூரம் போனான், ஒரு சுரத்தை விட்டான், விட்ட இடமும் ஏழில் கேட்டது. நிறுத்திவிட்டான். காதெல்லாம் சிவந்திருந்தது.

“அண்ணா, ஆன் பண்ணிட்டீங்களா?” என்று வரிசையிலிருந்து சிம்ரா கேட்டாள். கிண்டலில்லை. காலை ஐந்திலிருந்து பொன்ராஜ் சவுண்ட்ஸ் கேட்ட காது அது.

என் முறை. போனைப் பையில் போட்டுவிட்டு கிடாரை மார்ஷலில் நேராகச் சொருகினேன். திருகை ஏழிலேயே விட்டேன்.

மகா கேவலமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆப் எனக்குத் தெரியாமல் எத்தனை துடைத்து மெழுகியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல் நகரும் கீச்சு, தொடாத கம்பியின் முனகல், பிளக்கின் உறுமல், எல்லாமே வந்தது. வேகமாக வாசிப்பேன் என்று பெருமை பேசிய இடங்களில் தகர டப்பா உருண்டது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கோபம் வந்தது. ஜெயராம் மேல், ஆப் மேல், என் மேல். ஆனால் பயம் வரவில்லை. இந்தச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். எல்லோரும் கத்துகிற இடத்தில் நான் மட்டும் இரண்டு வருடம் இயர்போனுக்குள் வாசித்திருக்கிறேன். என் அம்மாகூட என் கிடாரைக் கேட்டதில்லை, கம்பி டிக் டிக் என்பதை மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

வேகத்தை விட்டேன். ஒரே ஒரு சுரத்தை வாசித்து, மற்றக் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, பெட்டியைப் பார்த்துத் திரும்பினேன். சுரம் அடங்கவில்லை. பெட்டிக்குக் கிட்டே போனால் ஏறியது, விலகினால் இறங்கியது. நான் விடும்வரை அது போகவில்லை. என் போனில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. அதிர்வு கால் வழியாக ஏறியது. அப்படியே நின்றேன்.

“பாப்பா, முடிச்சிக்க. அம்மனுக்குப் பாட்டு போடணும்” என்றார் சித்தப்பா.

“அம்மன் இதத்தான் கேட்டுக்கினு கீறா சித்தப்பா. ரெண்டு நிமிசம்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு பீடி பற்ற வைக்கப் போனார். இரண்டு நிமிஷத்தை நான் அந்த ஒரு சுரத்திலும் அதற்குப் பக்கத்து மூன்று சுரத்திலும் கழித்தேன்.

நான் கிடாரைக் கழற்றியதும் ஸ்நேஹா தீர்ப்புச் சொன்னாள். “ரெண்டு பேரும் கேவலம். ஆனா அவன் பின்னால போனான், நீ முன்னால போனே. லீட் நீதான்.”

ஜெயராம் கோயில் படியில் உட்கார்ந்திருந்தான். சண்டை போடுவான் என்று தயாராக இருந்தேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது; அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

“அப்ப சனிக்கிழமை ஒனக்கு மார்ஷல் வேணாம். ஆப்லயே வாசிச்சுடுவே, இல்ல?” என்றான். கண் சிரித்தது.

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. “வேணும்” என்றேன். “பேருக்காக இல்ல. இதுல வேற பேர் எழுதியிருந்தாலும் கேட்டிருப்பேன். எனக்கு அந்தச் சத்தம் வேணும்.”

“இதைச் சொல்ல ஒனக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கு” என்றான்.

“ரொம்ப.”

“எடுத்துக்கோ. எனக்கு ஒன்றரையே போறும்.” என் பையைப் பார்த்தான். “அந்த ஆப் பேர் என்ன?”

நான் போனையும் இயர்போனையும் அவன் மடியில் போட்டேன். சித்தப்பா தன் செட்டை மறுபடி போட்டார். தரை அதிர்ந்தது. அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஜெயராம் கிடாரை மடியில் வைத்துப் போனில் சொருகி, இயர்போனைக் காதில் மாட்டிக் கண்ணை மூடி, சோலோவை ஆரம்பத்திலிருந்து வாசித்தான். கம்பி டிக் டிக் என்பதுகூட யாருக்கும் கேட்கவில்லை. நன்றாகத்தான் வாசித்திருப்பான், முகம் அப்படி இருந்தது.

நான் வண்டிக்காரரிடம் போய் சனிக்கிழமை மத்தியானம் அடையாறுக்கு வரமுடியுமா என்று கேட்டேன். லிஃப்ட் இல்லை, மூன்று மாடி தூக்கவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.