பழம் நசுங்கிய பிறகு

சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு அப்பா நிமிர்ந்தபோது ஜெயந்த் சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இன்ஜின் போட வேண்டாங்கய்யா. நாலு பேர் சேர்ந்து தள்ளினா போதும், நசுங்கிடும்."

திருமங்கலத்துக்குத் தெற்கே பொட்டலில் இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆயுத பூஜை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். இறக்கையெல்லாம் சந்தனம், வாலில் மாலை. உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தவள் என் தங்கச்சி நாகஜோதி. ஜெயந்த் சார்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மகள் விமானம் ஓட்டுவதைப் பார்க்க அப்பா கருத்தக்கண்ணன் புது வேட்டி கட்டி வந்திருந்தார். அவருக்குத் தள்ளுகிற பேச்சே பிடிக்கவில்லை.

"தள்ளுறதுக்கு இதென்ன சார் ஓடாத வண்டியா? தன்னால உருண்டு ஏறணும். அப்பத்தான் வருசம் பூரா நல்லா ஓடும்."

எங்கள் டிராக்டருக்கும் அப்படித்தான் செய்வார். ஜெயந்த் சார் பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தெரியாத ஆள். "சரி, எல்லாரும் இறக்கைக்குப் பின்னால போயிருங்க. ஜோதி, பழத்து மேல ஏத்தி பிரேக் போட்டு உடனே ஆஃப் பண்ணிடு" என்றார்.

இன்ஜின் உறுமியது. புழுதி கண்ணை அடைத்தது. சக்கரம் மெதுவாக ஏறி இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பைத்தியக்காரன் மாதிரி விசிலடித்தேன். அதற்குள் அப்பா பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு முன்னால் போய்விட்டார். பழம் நசுங்கியதும் வண்டிக்கு எதிரே நின்று பூசணிக்காய் சுற்ற வேண்டும். டிராக்டர் என்றால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் ஆகாது. விமானத்துக் காத்தாடி அப்படியா? சுற்றுகிற வேகத்தில் அது இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

நிற்க வேண்டிய விமானம் நிற்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஜோதியின் முகத்தைப் பார்த்தேன். நான் மினிபஸ் ஓட்டுகிறவன். ஒரு பாலத்து இறக்கத்தில் எனக்கும் பிரேக் பெடல் வெறுமனே உள்ளே போயிருக்கிறது. அந்த முகம் எனக்குத் தெரியும். இன்ஜினை அணைத்தாள், விமானத்தை ஒடித்துத் திருப்பினாள். பாவி மனுஷன், அப்பாவும் அதே பக்கம் விலகினார். இன்ஜின் நின்றுவிட்டது. காத்தாடிக்கு இன்னும் சுற்று மிச்சமிருந்தது. தரையில் சிவப்பைப் பார்த்தபோது பூசணிக்காய்க்குள் வைத்த குங்குமம்தான் கொட்டிவிட்டது என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸ் திருமங்கலத்தைத் தொடுவதற்குள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் போஸ்ட்மார்ட்டத்துக்குத்தான்.

பிணவறைக்கு வெளியே நிற்கும்போது சித்தப்பா முத்திருளன் ஊரிலிருந்து போன் செய்தார். "ஏன்டா ராஜா, பாப்பா பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிருச்சாமே?"

"அதுல ஆக்ஸிலேட்டர் கால்லயே கெடையாது சித்தப்பா. கையில இருக்கு. ரெண்டு கால் விரலுக்கும் பிரேக்குதான். பிரேக் ஆயில் ஒழுகிக் கெடந்தத நானே என் கண்ணால பாத்தேன்."

"என்னமோப்பா. பொம்பளப் புள்ள, பதறிருக்கும். ஊரே அப்படித்தான் பேசுது."

போனை வைத்துவிட்டேன். ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்களைச் சொல்லும் அதே சொல்லை விமானத்துக்கும் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். ஒழுகின ஆயிலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டவா முடியும்? நாசமாய்ப் போகட்டும், ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். வீட்டிலிருக்கும் அம்மா காதில் இது விழுந்து, அவளும் நம்பிவிட்டால்? அதற்குப் பிறகு ஜோதி உயிரோடு இருக்க மாட்டாள். எனக்கு அந்த ஒரு பயம்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா அன்னக்கொடியே ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழவில்லை. பிணவறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜோதிக்கு எதிரே வந்து நின்றாள்.

"பிரேக்க மிதிச்சியா ஆத்தா?"

ஜோதி வாயைத் திறந்தாள்.

"மிதிச்சாம்மா, ஆயில் எல்லாம்…" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இருடா. அவ சொல்லட்டும்."

ஜோதியின் முழங்கால்கள் விறைத்து நின்றன. குதிகால்கள் மேலெழும்பி, விரல் நுனிகள் சிமெண்ட் தரையை மிதித்துக்கொண்டிருந்தன. தொடையிரண்டும் வெடவெடவென்று நடுங்கின. ஆம்புலன்ஸில் வரும்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாளோ என்னவோ, நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்ததில் கவனிக்கவில்லை.

அம்மா அந்தக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவையைச் சேர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஜோதியின் ஷூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கெண்டைக்காலைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். கால் அசையவில்லை.

"விடு ஆத்தா. போதும், விடு."

ஜோதியால் விட முடியவில்லை. அம்மா தன் உள்ளங்கையை அந்தப் பாதத்துக்கு அடியில் கொடுத்தாள். ஜோதி இன்னும் அழுத்தினாள். அம்மாவுக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.