பாறைமேல் வைத்த சோறு

செஞ்சி தாலுக்கா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டாவோ வாரிசுச் சான்றோ, மனு எழுத ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள். எந்த ஆபீசையும் நச்சரித்துப் பதில் வாங்கிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரில்தான் நைனாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

நைனா, என் அப்பா தனகோட்டிக்கு எண்பத்து நாலு வயது. வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில், "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்கம்மா, கேக்கறதக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டது சோறோ பழமோ இல்லை.

"எங்க நைனா செத்த எடத்து மண்ணு ஒரு பிடி வேணும் கலை. அத்த நெத்தியில பூசிக்கினுதான் நான் போவணும்."

தாத்தா அரிகிருஷ்ணன் 1942-ல் ரோடு போடும் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவர். நைனா அப்போது கைக்குழந்தை. இரண்டு வருஷம் கழித்துத் தந்தி வந்தது: காணவில்லை, இறந்திருக்கலாம். வைக்கோலில் உருவம் செய்து எரித்து, கருமாதி முடித்து, ஆயாவின் தாலியைக் கழற்றிவிட்டார்கள்.

நைனாவுக்கு விவரம் தெரிந்த நாள் முதல், அமாவாசை தவறாமல் அவர் கையில் சோற்றுத் தூக்கைக் கொடுத்துக் கோட்டைக்கு அனுப்புவாளாம் ஆயா. சக்கரக்குளத்துப் பக்கம் ஒரு பாறை. அதன்மேல் இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். காக்கா எடுத்தால் தாத்தா சாப்பிட்ட மாதிரி.

அங்கே தாடியும் கந்தலுமாக ஒரு பைத்தியம் திரிந்ததாம். அந்தக் கதையை நைனா நூறு தடவையாவது சொல்லிச் சிரித்திருப்பார்.

"ஒரு நாளு திரும்பிப் பாத்தேன். எங்க நைனாவுக்கு வெச்ச சோத்த அள்ளி அள்ளித் துன்றான்! வுட்டேன் பாரு ஒரு கல்லு. நெத்தியில பட்டு ரத்தம். அதுக்கும் சிரிக்கிறான். அப்பறம் நான் போற வரிக்கும் கிட்டவே வரமாட்டான். ஒரு வருசத்துல ஆளே காணோம்."

"நீதான் தொரத்திட்டியே நைனா!" என்று நாங்கள் கோரஸாகச் சொல்லி முடிப்போம். என் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லிச் சிரித்து வளர்ந்தார்கள்.

தாத்தா செத்த ஊரின் பெயர் கிடைத்தால் போதும், அங்கே இருக்கிற தமிழர்கள் யாரையாவது பிடித்து மண்ணைப் பார்சலில் வரவழைத்துவிடலாம் என்று ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு ஆறு மாதமாக மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பதில் வந்தது. ஊர் பெயர் இல்லை. "எதிரியிடம் சிறைப்பட்டு மீட்கப்பட்டவர். 1946 பிப்ரவரியில் விடுவிப்பு. திண்டிவனம் வரை ரயில் பாஸ் வழங்கப்பட்டது."

நாலு தடவை படித்தேன். திண்டிவனத்தில் இறங்கித்தான் செஞ்சிக்கு வரவேண்டும். ரேஷன் கார்டு நகலுக்கு நின்றிருந்த ஆளிடம், "நாளைக்கு வாய்யா!" என்று கத்திவிட்டு, ஷட்டரை இறக்கி அனந்தபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கேதான் நைனாவின் அக்கா ராஜம்மாள் இருக்கிறாள். தொண்ணூறு வயது.

அத்தை மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "தாத்தா உயிரோட திரும்பி வந்தாரா அத்த?" என்றேன். கை நின்றுவிட்டது.

"வந்தாரு. எனக்கு அப்ப பதினோரு வயசு. வாசல்ல வந்து நின்னு ராஜம்மான்னு கூப்ட்டாரு. அன்னிக்கின்னு உங்க நைனாவுக்கு அம்மை வாத்து, வாழ எலையில கெடக்கறான். கருமாதி முடிஞ்சவன் வாசப்படிய மிதிச்சா வூட்ல இன்னொரு உசுரு போயிடும்னு பங்காளிங்க சொல்லிட்டாங்க. எங்கம்மா கதவ மூடிட்டு, உள்ள கெடந்து அடிச்சிக்கினா. அவரே சொன்னாரு, புள்ள பொழைக்கட்டும், நான் கோட்டையில இருந்துக்கறேன்னு."

"அப்ப அந்தப் பாறையில வெச்ச சோறு?"

"அவருக்குத்தான். புள்ளய கண்ணால பாக்கணும்னு கேட்டாரு. அதான் தம்பி கையில குடுத்தனுப்புனா. ஒரு ஐப்பசி மழையில அந்தப் பாறையாண்டயே செத்துக் கெடந்தாரு. பக்கத்துலயே பொதச்சிட்டாங்க."

"எண்பது வருசமா வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"தம்பி தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டா எங்கம்மா. சொன்னா அவன் செத்துடுவான்டி!"

"இப்ப மட்டும் இன்னா, பொழச்சிக்கப் போறாரா?" என்று கத்தினேன். கத்திய பிறகு அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

போன் அடித்தது. என் வீட்டுக்காரர் சிவசங்கர். "மாமாவுக்குக் கண்ணு சொருவுது. மண்ணு வந்துச்சான்னு மட்டும் கேக்கறாரு. சீக்கிரம் வா."

செஞ்சியில் இறங்கி, டூரிஸ்ட் கூட்டத்தோடு கோட்டை வாசலில் டிக்கெட் எடுத்து உள்ளே ஓடினேன். நைனா படுத்ததிலிருந்து அமாவாசைக்கு நானே சோறு வைத்த பாறைதான். எத்தனை தடவை தாத்தாவை மிதித்தேனோ. சாவியால் மண்ணைக் கீறி முந்தானையில் அள்ளினேன். நிறைய சீத்தாப்பழக் கொட்டை கலந்திருந்தது. செஞ்சி மலைக்காரரான நைனாவுக்கு அது ஒன்று போதும், எந்த ஊர் மண் என்று கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன். பொறுக்கும்போது மனசு அடித்துக்கொண்டது. சொன்னால், பெத்த அப்பனை அடித்தவனாகச் சாவார். சொல்லாவிட்டால், அப்பனைத் தெரியாதவனாகவே சாவார். இதற்கு எந்த ஆபீசில் போய் மனு கொடுப்பது?

வீட்டில் நைனா விழித்திருந்தார். மண்ணைப் பார்த்ததும் உதடு துடித்தது.

"பர்மாவா?"

"பர்மாதான் நைனா. பார்சல் வந்துடுச்சி."

எச்சில் தொட்டுக் குழைத்து நெற்றியில் பூசினேன். கண்ணை மூடி, "நைனா" என்றார், சின்னப் பிள்ளை கூப்பிடுகிற மாதிரி. போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வர்ற அமாவாசைக்கு நான் இருக்கமாட்டேன். சோறு வெச்சிட்டு ஒடனே வந்துடாத கலை. நின்னு பாரு. எவனாச்சும் எங்க நைனா சோத்த எடுத்துத் துன்னுடப் போறான்."

பழக்கத்தில் வாய்க்கு வந்துவிட்டது.

"எவனும் வரமாட்டான். நீதான் தொரத்திட்டியே நைனா."

நைனா சிரித்தார்.